ஆயிரம் கணக்கு போட்ட பிறகும்

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கிற வீடுகளில் இயற்பியலைப் பற்றி ஒரு தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. பிசிக்ஸ் என்றால் ஃபார்முலா. எல்லா ஃபார்முலாவையும் மனப்பாடம் செய்து, எந்தக் கணக்குக்கு எது பொருந்தும் என்று அடையாளம் காணப் பழகி, விடையில் அலகை விடாமல் எழுதினால் வேலை முடிந்தது. விசை, இயக்கம், மின்னோட்டம், காந்தம் இவையெல்லாம் வெறும் 'பேசிக்ஸ்'. ஒரு வாரத்தில் ஓட்டிவிட்டுக் கஷ்டமான பாடங்களுக்குப் போய்விட வேண்டும். பெற்றோர், டியூஷன் ஆசிரியர், கோச்சிங் சென்டர், பள்ளி நிர்வாகம் எல்லோரும் இதில் ஒரே பக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆசிரியர்களில் பெரும்பாலோரும் அந்தப் பக்கம்தான்.

இந்த நம்பிக்கை அடியிலிருந்தே தவறு. பள்ளி இயற்பியலில் மிகக் கடினமான பகுதி அந்த 'பேசிக்ஸ்'தான். அதை ஃபார்முலாவாக மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் மார்க் வாங்குவார்கள். அவர்கள் மனதில் பள்ளிக்கு வருமுன்பே குடியிருந்த தவறான இயற்பியல் மட்டும் ஒரு கீறலும் படாமல் அப்படியே இருக்கும். மார்க் ஏறுவதால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. இதுதான் ஆபத்து.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். கணக்குப் போடப் போடத்தான் கருத்து தெளியும், முதலில் கை பழகட்டும், புரிதல் பின்னால் தானாக வரும் என்கிறார்கள். கணிதம்தானே இயற்பியலின் மொழி, ஃபார்முலாவை விட்டுவிட்டு வேறு எதைக் கற்பது என்கிறார்கள். போர்ஷனை முடிக்கவே நேரம் இல்லை, ஒவ்வொரு கருத்தாக உட்கார்ந்து பேச எங்கே போவது என்கிறார்கள். இவை பொறுப்புள்ள மனிதர்கள் சொல்வது. அதனால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒரு நாணயம். ஒரு ரூபாயை நேராக மேலே சுண்டுங்கள். அது விரலை விட்டுக் கிளம்பி மேலே போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் உச்சியைத் தொடவில்லை. அந்தக் கணத்தில் அதன்மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன? காற்றின் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இயற்பியலில் நூற்றுக்கு நூறை நெருங்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "கீழ்நோக்கிப் புவியீர்ப்பு விசை, மேல்நோக்கி நாம் கொடுத்த விசை" என்று பலரும் சொல்வார்கள். உச்சியில்? "இரண்டும் சமமாகிவிட்டன, அதனால்தான் ஒரு கணம் நிற்கிறது." இறங்கும்போது? "நாம் கொடுத்த விசை தீர்ந்துவிட்டது, புவியீர்ப்பு ஜெயிக்கிறது."

மூன்று பதிலும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. மூன்றும் தவறு. நாணயம் விரலை விட்டுப் பிரிந்த நொடியிலிருந்து அதன்மேல் இருப்பது ஒரே விசைதான், பூமி இழுப்பது. ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் அதே அளவு, அதே திசை. உச்சியில் விசைகள் சமமாகிவிட்டால் முடுக்கம் சுழி. நின்ற நாணயம் நின்றபடியே அந்தரத்தில் இருந்திருக்க வேண்டும்.

இதே மாணவரிடம் இன்னொரு கேள்வியைக் கொடுங்கள். ஒரு பொருளை விநாடிக்கு 19.6 மீட்டர் திசைவேகத்தில் நேராக மேலே எறிந்தால் எவ்வளவு உயரம் போகும், உச்சியை அடைய எவ்வளவு நேரம் ஆகும்? 19.6 மீட்டர், 2 விநாடி என்று அரை நிமிடத்தில் போட்டுவிடுவார். அந்தக் கணக்கில் ஏறும் வழி முழுக்க முடுக்கத்துக்கு 9.8 என்ற ஒரே மதிப்பைப் போட்டிருக்கிறார். முடுக்கம் மாறாமல் இருந்தால் விசையும் மாறாமல் இருந்திருக்கிறது என்பதுதானே பொருள்? மேல்நோக்கி ஒரு விசை இருந்து அது தேய்ந்துகொண்டே வந்திருந்தால் முடுக்கம் வழியெல்லாம் மாறியிருக்குமே? தான் போட்ட கணக்கு, தான் சொன்ன விளக்கத்தைப் பொய்யாக்குகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. கணக்கு ஓர் அறையில், விளக்கம் இன்னோர் அறையில். நடுவில் கதவே திறக்கப்படவில்லை.

இதை மாணவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. அந்தப் பதிலுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. எறியப்பட்ட பொருளுக்குள் எறிபவர் ஏதோ ஒன்றை ஏற்றிவிடுகிறார், அது தீரும்வரை பொருள் ஓடும் என்று 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஃபிலோபோனஸ் எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் புரிதான் என்ற தத்துவஞானி அதே திசையில் யோசித்து அந்தக் கருத்தைச் செப்பனிட்டார். 1590 வாக்கில் பீசாவில் இருந்த இளம் கலிலியோ, மேலே எறிந்த பொருள் உச்சியில் நிற்பதற்குச் சொன்ன காரணம் நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் சொல்கிற அதே காரணம்தான்: ஏற்றப்பட்ட விசை தேய்ந்து தேய்ந்து எடைக்குச் சமமாகிறது. அதிலிருந்து அவர் வெளியே வரப் பல ஆண்டுகள் ஆயின. இயக்கம் பற்றிய அவருடைய கடைசி நூல் 1638இல் வந்தது. நியூட்டனின் பிரின்சிபியா 1687இல். கலிலியோவுக்கே ஒரு வாழ்நாள் பிடித்த இடத்தை, 'பேசிக்ஸ்தானே' என்று ஒரு வாரத்தில் ஓட்டச் சொல்கிறோம்.

வண்டியைத் தள்ளினால் நகர்கிறது, தள்ளுவதை நிறுத்தினால் நின்றுவிடுகிறது. பிறந்தது முதல் குழந்தை பார்ப்பது இதைத்தான். உராய்வு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே இயக்கம் இருந்தால் அதே திசையில் விசை இருக்க வேண்டும் என்று அந்தக் குழந்தை தானே முடிவு கட்டுகிறது. இது சோம்பேறித்தனம் இல்லை, அனுபவத்திலிருந்து நேர்மையாக எடுத்த முடிவு. அதன் மேல் விசை என்பது நிறைக்கும் முடுக்கத்துக்கும் உள்ள பெருக்கல் என்று ஒரு வரியை எழுதி வைத்தால், பழைய முடிவு எதற்காகக் காலி செய்ய வேண்டும்? இரண்டும் சேர்ந்தே இருக்கும். பரீட்சைத் தாளில் நியூட்டன், பரீட்சை முடிந்ததும் ஃபிலோபோனஸ்.

கணக்கு போடப் போடத் தெளியும் என்ற வாதத்தை நேராகச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தென்கொரியாவில் கிம், பாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு அது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்த 27 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். நுழைவுத்தேர்வுக்காக அவர்கள் ஒவ்வொருவரும் போட்டிருந்த இயந்திரவியல் கணக்குகள் 300 முதல் 2900 வரை, சராசரி 1500. அதன் பிறகும் விசை, இயக்கம் பற்றிய அடிப்படைக் கேள்விகளில் எல்லோருக்கும் தெரிந்த அதே பழைய குழப்பங்கள் அவர்களிடம் இருந்தன. போட்ட கணக்குகளின் எண்ணிக்கைக்கும் புரிதலுக்கும் பெரிய தொடர்பு எதுவும் தென்படவில்லை. நாம் எந்தக் கல்விமுறையை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறோமோ, அந்த முறையிலேயே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

அமெரிக்காவிலும் கதை வேறில்லை. 1992இல் ஹெஸ்டினஸ் என்ற இயற்பியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு வினாத்தாளைத் தயாரித்தார்கள். ஒரு கணக்குக்கூடக் கிடையாது. பந்து, லிஃப்ட், மோதும் வண்டிகள் என்று சாதாரண நிகழ்வுகள், சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர், ஹெஸ்டினஸின் இதே போன்ற முந்தைய வினாத்தாளைத் தன் மாணவர்கள் ஊதித் தள்ளிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் கொடுத்தார். ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதட்டுமா, இல்லை நான் நினைக்கிறபடி எழுதட்டுமா என்று கேட்டாராம். நான் முன்னே சொன்ன இரண்டு அறைகளும் அந்த ஒரு கேள்வியில் இருக்கின்றன. 1998இல் ஹேக் என்பவர் 62 வகுப்புகளில் படித்த 6500க்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைகளைத் தொகுத்தார். ஆசிரியர் பேச, மாணவர் கேட்டு எழுதிக் கணக்குப் போடும் வகுப்புகளில், பாடம் தொடங்கும்போது தெரியாமல் இருந்ததில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் முடிவில் தெரிந்திருந்தது. மாணவர்கள் கணித்து, விவாதித்து, செய்து பார்த்துப் படித்த வகுப்புகளில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு.

எனக்கு எதிராக ஒரு நல்ல சான்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2009இல் வந்த ஓர் ஆய்வில் சீன மாணவர்கள் ஹெஸ்டினஸின் வினாத்தாளில் அமெரிக்க மாணவர்களை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளினார்கள். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஐந்து ஆண்டு விடாமல் இயற்பியல் படித்தவர்கள் அவர்கள். கடுமையான பயிற்சி பலன் தரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், புதிய சூழ்நிலையில் அறிவியல் முறையில் காரணம் காணும் திறனைச் சோதித்தபோது இரண்டு நாட்டு மாணவர்களும் ஒரே அளவில் நின்றார்கள். ஐந்து ஆண்டு பயிற்சியால் அங்கே ஒரு படிகூட ஏற முடியவில்லை. நம்மிடமோ அந்த ஐந்து ஆண்டும் இல்லை. பத்தாம் வகுப்புவரை அறிவியல் புத்தகத்தில் ஒரு பங்கு, பிறகு இரண்டு ஆண்டு ஓட்டம், அதிலும் பதினொன்றாம் வகுப்பை அரைகுறையாக விட்டுவிட்டுப் பன்னிரண்டுக்குத் தாவும் பள்ளிகள் எத்தனையோ.

இனி மின்சாரம். இங்கே தவறான இயற்பியல் விடைத்தாளோடு நிற்காமல் உயிர்வரை வருகிறது.

ஹார்வர்ட்-ஸ்மித்சோனியன் மையம் 1997இல் வெளியிட்ட ஓர் ஆவணப்படத்தில், பட்டமளிப்பு விழா அங்கியோடு நிற்கும் எம்.ஐ.டி. பட்டதாரிகளிடம் ஒரு பேட்டரி, ஒரு சிறிய பல்பு, ஒரே ஒரு கம்பி கொடுத்து எரிய வைக்கச் சொல்கிறார்கள். பலர் திணறுகிறார்கள். பல்புக்கு இரண்டு முனை உண்டு, ஒன்று அடியில் உள்ள புள்ளி, மற்றது பக்கவாட்டு உலோகம். இரண்டின் வழியாகவும் சுற்று முழுமையடைந்தால்தான் எரியும் என்பது அவர்களுக்குக் கைவரவில்லை. கிர்ச்சாஃப் விதியை வைத்து மூன்று கண்ணிச் சுற்றுகளுக்குச் சமன்பாடு எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள்.

பேட்டரியிலிருந்து கரண்ட் கிளம்புகிறது, பல்பு அதில் கொஞ்சத்தைத் தின்கிறது, மிச்சம் திரும்பிப் போகிறது. மின்சாரத்தைப் பற்றி ஏறத்தாழ எல்லோர் மனதிலும் இருக்கும் படம் இதுதான். பல்புக்கு முன்னால் ஓர் அம்மீட்டர், பின்னால் ஓர் அம்மீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவைக் காட்டும். மின்னோட்டம் குறைவதே இல்லை. பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலை. இந்த ஒரு வேறுபாடு விளங்காத மாணவருக்கு ஓமின் விதி ஒரு பெருக்கல் கணக்கு மட்டுமே.

இந்த வேறுபாட்டை நம்பித்தான் நம் வீட்டு மெயின் போர்டில் ஒரு கருவி உட்கார்ந்திருக்கிறது. ஆர்.சி.சி.பி. என்பார்கள், சிலர் டிரிப்பர் என்பார்கள். லைன் கம்பியும் நியூட்ரல் கம்பியும் அதற்குள் ஒரே காந்த வளையத்தின் நடுவே செல்கின்றன. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கும்வரை அவை உண்டாக்கும் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஈரக்கையோடு கிரைண்டரைத் தொட்டவர் உடல் வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் தரைக்குப் போகிறது என்றால், திரும்பி வருவது அந்த அளவுக்குக் குறையும். உடனே வளையத்தில் காந்தப்புலம் எழும், அது மாறிக்கொண்டே இருப்பதால் அதன்மேல் சுற்றிய சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும், அது கண்ணியை விடுவித்து இணைப்பைத் துண்டிக்கும். வீடுகளில் பொருத்தும் வகைக்கு 30 மில்லி ஆம்பியர் வித்தியாசமே போதும். மின்னோட்டம் செலவாவதில்லை என்ற கருத்து, ஓடும் மின்சாரம் காந்தமாகும் என்று 1820இல் ஓர்ஸ்டெட் கோபன்ஹேகனில் கண்டது, மாறும் காந்தம் மின்சாரம் தரும் என்று 1831இல் ஃபாரடே கண்டது, இந்த மூன்றும் சேர்ந்து ஓர் உயிரைக் காப்பாற்றுகின்றன. மூன்றுக்கும் நம் பாடப்புத்தகத்தில் தனித்தனிப் பாடம் இருக்கிறது. மூன்றையும் படித்து முடித்த மாணவர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை.

இன்னொன்று. பல்பு மாற்ற வேண்டும், ஸ்விட்சை அணைத்துவிட்டேன், ஆகவே ஹோல்டரில் கரண்ட் இல்லை. இந்த நம்பிக்கையோடு கை வைப்பவர்கள் கணக்கற்றவர்கள். ஸ்விட்சை லைனில் வைக்காமல் நியூட்ரலில் வைத்துவிட்டுப் போன வயர்மேன்களும் உண்டு. அப்படிப்பட்ட இணைப்பில் ஸ்விட்சை அணைத்தால் சுற்று துண்டிக்கப்படும், பல்பு அணையும், மின்னோட்டம் சுழி. ஆனால் ஹோல்டர் இன்னும் 230 வோல்ட்டில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் பூமியோடு இணைக்கப்பட்டிருப்பதால், தரையில் நின்று அதைத் தொடுபவரின் உடலே விடுபட்ட கம்பியாகிவிடும். மின்னோட்டம் வேறு, மின்னழுத்த வேறுபாடு வேறு என்பது இரண்டு மார்க் கேள்வி என்று எண்ணுபவர்கள் இந்த ஹோல்டரை நினைத்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை, பிசிக்ஸ் வேறு என்று ஒரு மூத்த ஆசிரியர் என்னிடம் வாதிட்டதுண்டு. எலக்ட்ரீஷியனின் டெஸ்டர் முனையில் செத்துப்போகிற பிசிக்ஸ் யாருக்காக?

ஃபார்முலா கையில் இருந்தும் படம் மனதில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய குண்டு பல்பு இரண்டு போதும். ஒன்று 60 வாட், ஒன்று 100 வாட். தொடரிணைப்பில் 230 வோல்ட் கொடுத்தால் எது பிரகாசமாக எரியும்? 100 வாட் என்று வகுப்பே கத்தும். வாட் என்பது பல்போடு பிறந்த குணம் என்று எண்ணுகிறார்கள். அது 230 வோல்ட்டை முழுதாகக் கொடுக்கும்போது மட்டும் உண்மையாகிற எண். அந்த எண்ணிலிருந்து தடையைக் கணக்கிட்டால் 60 வாட் பல்புக்கு ஏறத்தாழ 882 ஓம், 100 வாட் பல்புக்கு 529 ஓம். தொடரிணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம், ஆகவே தடை அதிகமான பல்புக்குத்தான் திறன் அதிகம். தடை மாறாமல் இருப்பதாகக் கொண்டால் 60 வாட் பல்பு சுமார் 23 வாட்டிலும், 100 வாட் பல்பு சுமார் 14 வாட்டிலும் எரியும். உண்மையில் இழை அவ்வளவு சூடாகாததால் தடைகள் இதைவிடக் குறையும். ஆனால் 60 வாட்தான் பிரகாசம் என்பதில் மாற்றம் இல்லை. இதற்கு வேண்டிய ஃபார்முலா ஒவ்வொன்றும் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். செய்து காட்டிய பிறகு வரும் மௌனத்தை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அவர்களே கேட்கத் தொடங்குகிற கேள்விகள் எந்த கைடிலும் இல்லாதவை.

கணிதம் இயற்பியலின் மொழி என்ற வாதத்துக்கு வருகிறேன். அது உண்மை, நானும் அதை நம்புகிறேன். ஆனால் மொழியில் சொல்ல ஒரு சேதி வேண்டும். மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகியவர், கணிதப் பயிற்சி மிகக் குறைவு. 1831 ஆகஸ்ட் 29ஆம் நாள் ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றில் பேட்டரியை இணைத்தார். இணைக்கும் கணத்திலும் பிரிக்கும் கணத்திலும் மட்டும் மற்ற சுருளோடு இருந்த ஊசி துள்ளியது. இடையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தபோது அசையவில்லை. மாற்றம்தான் காரணம் என்பதை அவர் பிடித்தது கண்ணால், கையால், வெளியெங்கும் விசைக் கோடுகள் பரவியிருப்பதாக மனதில் வரைந்த படத்தால். அந்தப் படத்துக்குக் கணித உடல் கொடுத்தவர் மேக்ஸ்வெல். அவருடைய மின்காந்தவியல் ஆய்வுகளில் முதலாவதன் தலைப்பிலேயே ஃபாரடேயின் விசைக் கோடுகள் இருக்கின்றன. 1857இல் ஃபாரடே அவருக்கு எழுதிய கடிதத்தில், கணிதர்கள் தாங்கள் கண்ட முடிவுகளைச் சாதாரண மொழியிலும் தெளிவாகச் சொல்லக் கூடாதா என்று கேட்டார். முதலில் படம், பிறகு சமன்பாடு என்பதுதான் மின்காந்தவியல் நடந்து வந்த வழி. வகுப்பில் நாம் கடைசியில் வந்ததை முதலில் வைக்கிறோம், முதலில் வந்ததை விட்டே விடுகிறோம்.

ஆய்வகம் இல்லை, கருவிக்குப் பணம் இல்லை என்ற பதிலையும் நான் ஏற்பதற்கில்லை. குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யலாம் என்று அர்விந்த் குப்தா பல பத்தாண்டுகளாகச் செய்து காட்டிவருகிறார். அவர் செய்து காட்டும் சின்ன மோட்டாரைப் பாருங்கள். ஒரு பெரிய டார்ச் பேட்டரி, அதன் இரு முனைகளிலும் ரப்பர் பேண்டு போட்டு நிறுத்திய இரண்டு ஊக்குகள், பேட்டரியின் மேல் ஒட்டிய ஒரு காந்தம், காயில் கட்டும் கடையில் கிடைக்கும் எனாமல் பூசிய செம்புக் கம்பியில் பத்துச் சுற்று. கம்பியின் இரண்டு நுனிகளையும் ஊக்குத் துளைகளில் செருகினால் சுருள் சுழல வேண்டும். ஒரு நுனியில் எனாமலை முழுவதும் சுரண்ட வேண்டும். மறு நுனியில் பாதிப் பக்கம் மட்டும்தான் சுரண்ட வேண்டும்.

ஏன் பாதி? இந்தக் கேள்வியில்தான் பாடமே இருக்கிறது. இரண்டையும் முழுதாகச் சுரண்டிய பிள்ளையின் சுருள் பெரும்பாலும் ஆடி ஆடி நின்றுவிடும். அரைச் சுற்று முடிந்ததும் விசை சுருளைப் பின்னோக்கித் திருப்பத் தொடங்குகிறது. அந்த அரைச் சுற்றில் மின்னோட்டத்தை நிறுத்திவிட்டால் தன் நிலைமத்தாலேயே சுருள் அதைக் கடந்துவிடும். இயக்க விதியும் காந்த விளைவும் அந்தக் கம்பி நுனியில் சந்திக்கின்றன. பக்கத்துப் பிள்ளையின் மோட்டார் ஓடுகிறது, என்னுடையது ஏன் ஓடவில்லை என்று ஒரு மாணவி கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அந்த ஐந்து நிமிடத்தை எந்த ஃபார்முலா அட்டையும் தர முடியாது. திசைமாற்றி பற்றிய ஐந்து மார்க் விடையை அதன் பிறகு அவள் தன் சொந்த வாக்கியத்திலேயே எழுதுவாள்.

செய்முறைத் தேர்வுதான் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 20 மார்க். பன்னிரண்டாம் வகுப்பில் டேன்ஜென்ட் கால்வனாமீட்டர் வைத்து பூமியின் காந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறைக் கண்டுபிடிக்கிறார்கள். கருவியைத் திருப்பிச் சுருளின் தளத்தைக் காந்தத் துருவத் தளத்தோடு ஒத்துப்போக வைக்க வேண்டும் என்பது முதல் படி. சுருளின் புலம் பூமியின் புலத்துக்குச் செங்குத்தாக விழுந்தால்தான் டேன்ஜென்ட் வரும் என்பதற்காக அந்தப் படி. அதைச் சடங்காகச் செய்கிறார்கள், சிலர் விடை என்ன வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு அளவீடுகளைப் பின்னாலிருந்து நிரப்புகிறார்கள். கிடைக்கும் விடை ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. அந்த எண் இந்த மண்ணைப் பற்றியது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே போகிறது. அதனால் நூலில் கட்டிய காந்த ஊசி லண்டனில் 66 பாகை அளவுக்குத் தலைகுனிய, திருநெல்வேலியில் ஏறத்தாழ கிடையாகவே நிற்கும். இந்த இடத்தின் காந்த இயல்புக்காகவே புவிகாந்தவியல் ஆய்வுக்கூடம் ஒன்று திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் நடக்கிறது. நம் பிள்ளைகளுக்குச் சரிவுக் கோணம் என்பது ஒரு மார்க் வரையறை.

பன்னிரண்டுக்குப் பிறகு இயற்பியல் படிக்காதவர்களுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் இது மிகவும் தேவை. பத்தாம் வகுப்போடு அறிவியல் பாடத்தை விடப்போகும் பிள்ளைக்கு அந்த வகுப்பில் கிடைப்பதுதான் கடைசி. அவனும் பைக் ஓட்டுவான். மணிக்கு 40 கிலோமீட்டரில் பிரேக் போட்டால் நல்ல சாலையில் சுமார் 9 மீட்டரில் நிற்கும் வண்டி, 80இல் சுமார் 36 மீட்டர் தள்ளித்தான் நிற்கும். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு; கை பிரேக்குக்குப் போகுமுன் ஓடிய தூரம் தனி. இயக்கச் சமன்பாட்டில் திசைவேகத்தின் வர்க்கத்தை எத்தனையோ முறை எழுதிய மாணவர்கள், அந்த வர்க்கம் தங்கள் உயிரைப் பற்றிச் சொல்கிறது என்பதைக் கேள்விப்படாமலேயே பள்ளியை விட்டுப் போகிறார்கள்.

கடைசியாக நேரம். நாணயக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொருவரும் தன் விடையைத் தாளில் குறித்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி, மறுபடி குறித்து, பிறகு ஆசிரியர் பேசுவதற்கு ஒரு பீரியட் போதும். மசூர் ஹார்வர்டில் மாற்றிக்கொண்ட முறையும் ஏறத்தாழ இதுதான். அதற்குச் சுண்ணக்கட்டி தவிர வேறெதுவும் வேண்டாம். இயக்கத்துக்கு ஐந்து, மின்சுற்றுக்கு ஐந்து, காந்தத்துக்கு மூன்று என்று இப்படிப்பட்ட கேள்விகளை எடுத்துக்கொண்டால் ஆண்டுக்குப் பதின்மூன்று பீரியட். ஜனவரியில் தொடங்கிப் பரீட்சைவரை வாரக்கணக்கில் நடக்கும் ரிவிஷன் டெஸ்டுகளில் இரண்டைக் குறைத்தாலே அது கிடைத்துவிடும். நீட் தேர்வுக்காகத்தான் ஃபார்முலா ஓட்டம் என்றால், அதன் 45 இயற்பியல் கேள்விகளில் கொஞ்சம் திருப்பிக் கேட்கப்படுபவை எவை என்று பாருங்கள். ஃபார்முலாவை அடையாளம் கண்டு பழகியவர்கள் அங்கேதான் நெகட்டிவ் மார்க் வாங்குகிறார்கள்.

கேட்கிற கேள்வி மாறாமல் வகுப்பு மாறாது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் என் கோரிக்கை சிறியது. 70 மார்க் எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு கணக்கோடும் ஒரு மார்க்குக்கு ஒரு படம் கேளுங்கள்: இயக்கக் கணக்கானால் பொருளின் மேல் அந்தக் கணத்தில் செயல்படும் விசைகள் மட்டும், சுற்றுக் கணக்கானால் மின்னோட்டம் எங்கே சமம், மின்னழுத்தம் எங்கே விழுகிறது என்ற குறிப்பு மட்டும். மேலே போகும் நாணயத்துக்கு இரண்டு அம்புக்குறி போட்டவருக்கு அந்த மார்க் கிடையாது, கீழே எழுதிய விடை 19.6 என்று சரியாகவே இருந்தாலும்.